இரண்டு பாதி, ஒரு கப்பல்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, தொழில்நுட்பமா ஏதாவது பேசு. ஆனா வீட்டுக்காரங்களும் பிள்ளைங்களும் உட்கார்ந்திருப்பாங்க, யாரும் தூங்கிடக் கூடாது" என்றார். கஷ்டமான நிபந்தனைதான். யோசித்துப் பார்த்தேன். இயந்திரமும் இருக்க வேண்டும், கதையும் இருக்க வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து கப்பலைவிட நல்ல விஷயம் கிடையாது. அதிலும் நான் சொல்லப்போகும் கப்பல் ஒரு விசித்திரமான கப்பல். அதற்குப் பிறந்த ஊர் இரண்டு. முன்பாதி ஓர் ஆற்றங்கரையில் கட்டப்பட்டது. பின்பாதி வேறொரு ஆற்றங்கரையில் கட்டப்பட்டது.

ஜராசந்தன் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். மகத மன்னனின் இரண்டு மனைவியரும் முனிவர் கொடுத்த மாம்பழத்தை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டார்கள். ஆளுக்குப் பாதிக் குழந்தை பிறந்தது. பயந்துபோய் வெளியே போட்ட அந்தப் பாதிகளை ஜரை என்ற அரக்கி எடுத்துச் சேர்த்துப் பிடித்தாள். உடனே குழந்தை வீறிட்டு அழுதது. பாட்டி சொல்லும்போது "இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்டிருப்போம். 1917-இல் இங்கிலாந்தில் சாத்தம் என்ற கப்பல் பட்டறையில் அது எஃகில் நடந்தது. அந்தக் குழந்தையின் பெயர் எச்.எம்.எஸ். ஜூபியன்.

முதலில் நாசகாரிக் கப்பல் என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டார்பிடோ என்ற ஆயுதம் வந்தது. பெரிய பெரிய போர்க்கப்பல்களை ஒரு சின்னப் படகு இருட்டில் வந்து கவிழ்த்துவிடலாம் என்ற நிலை. யானைக்குக் கொசுவால் ஆபத்து! அந்தக் கொசுவை விரட்டிப் பிடிக்க வேகமான ஒரு கப்பல் வேண்டும் என்று பிரிட்டிஷ் கடற்படை 1890-களில் கட்டியதுதான் 'டார்பிடோ படகு நாசகாரி'. பிறகு பெயர் சுருங்கி வெறும் நாசகாரி ஆகிவிட்டது. இதற்கு வேண்டியது மூன்று: வேகம், வேகம், வேகம். அதற்காக எடையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். தகடு மெலிந்தது, உடம்பு நீண்டது.

அதே சமயத்தில் சார்லஸ் பார்சன்ஸ் என்ற பொறியாளர் நீராவி டர்பைனைக் கப்பலில் வைத்தார். 1897-இல் விக்டோரியா ராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில், அவருடைய 'டர்பீனியா' என்ற சிறு கப்பல் 34 நாட் வேகத்தில் வரிசைகளுக்கு நடுவே புகுந்து ஓடியது. துரத்திய காவல் படகுகளால் பிடிக்க முடியவில்லை. கடற்படைக்கு வேறு சான்றிதழ் தேவைப்படவில்லை. 'வைப்பர்', 'கோப்ரா' என்ற இரண்டு டர்பைன் நாசகாரிகள் வந்தன. இரண்டு பாம்புகளுக்கும் ஆயுசு குறைவு. 1901 ஆகஸ்டில் வைப்பர் மூடுபனியில் பாறையில் ஏறியது. அடுத்த மாதமே, 1901 செப்டம்பர் 18-ஆம் தேதி, கோப்ரா வடகடலில் நடுவில் முறிந்து இரண்டாகிப் போனது. 67 பேர் இறந்தார்கள். 12 பேர்தான் தப்பினார்கள். இறந்தவர்களில் டர்பைன் கம்பெனி ஆட்களும் பலர்.

ஏன் முறிந்தது? விசாரணை செய்த கடற்படை நீதிமன்றம், இந்தக் கப்பல் மற்ற நாசகாரிகளைவிடப் பலவீனமானது என்றது. இங்கே மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள் என்று தெரியும். கப்பல் என்பது தண்ணீரில் மிதக்கும் ஒரு பீம். அலையின் முகடு நடுவில் வந்தால் இரண்டு முனைகளும் தொங்கும். மேல்தளம் இழுபடும், அடித்தட்டு நசுங்கும். அலையின் பள்ளம் நடுவில் வந்தால் நேர் எதிர். ஒவ்வோர் அலைக்கும் இப்படி மாறி மாறி வளையும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிக்கிறோமே, அதே கதைதான். வளைவு விசை அதிகமாக இருப்பது நடுப்பகுதியில். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூபியனுக்கு வரும்போது தேவைப்படும்.

கோப்ராவுக்குப் பிறகு கடற்படை சும்மா இருக்கவில்லை. ஒரு குழு அமைத்து, 'வுல்ஃப்' என்ற இன்னொரு நாசகாரியை உலர் துறையில் நிறுத்தி, பேராசிரியர் பைல்ஸின் பொறுப்பில் சோதனை செய்தார்கள். முதலில் நடுவில் மட்டும் முட்டுக் கொடுத்து, துறையில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். பிறகு இரண்டு முனைகளில் மட்டும் முட்டுக் கொடுத்து அதையே செய்தார்கள். தகடுகள் எவ்வளவு நீள்கின்றன, எவ்வளவு சுருங்குகின்றன என்று அளந்தார்கள். முழுக்கப்பலையே டெஸ்டிங் லேபில் போட்ட மாதிரி! மரணங்களுக்குப் பிறகாவது அளந்தார்களே என்று நாம் பாராட்ட வேண்டும். அதையடுத்து வந்த நாசகாரிகள் கனமாகவும் கெட்டியாகவும் வந்தன.

இப்போது நம் கதாநாயகனின் பெற்றோருக்கு வருவோம். அப்போது பிரிட்டிஷ் கடற்படையின் தலைமையில் இருந்தவர் அட்மிரல் ஃபிஷர். மனுஷனுக்கு வேகத்தின் மேல் அப்படி ஒரு பித்து. 33 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 61 கிலோமீட்டர், நிலக்கரியே வேண்டாம், முழுக்க எண்ணெய் எரிபொருள், பார்சன்ஸ் டர்பைன். இந்த மூன்றும் உள்ள நாசகாரி வேண்டும் என்றார். 1905 முதல் மூன்று ஆண்டுத் திட்டங்களில் 12 கப்பல்கள் உத்தரவாயின. 'ட்ரைபல்' வகுப்பு என்று பெயர். பழங்குடிகள், போர்க்குடிகள் பெயர்களை வைத்தார்கள்: அஃப்ரிடி, கொசாக், கூர்க்கா, மோஹாக், மவோரி, நூபியன், ஜூலு என்று. நம் ஊர்க்காரர்கள் இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். எல்லைப்புற அஃப்ரிடிகளோடு பிரிட்டிஷார் 1897-இல் பெரிய சண்டை போட்டார்கள். ஜூலுக்களோடு 1879-இல் போட்டார்கள். எதிர்த்து நின்றவனை அடக்கிவிட்டு, அவன் பெயரையே தன் கப்பலுக்கு வீரத்தின் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். பெயருக்குச் சொந்தக்காரர்களை யாரும் கேட்கவில்லை.

கடற்படை இந்த வகுப்பில் ஒரு காரியம் செய்தது. வேகம் இவ்வளவு, ஆயுதம் இவ்வளவு, எரிபொருள் இன்னது என்று மட்டும் சொல்லிவிட்டு, வடிவமைப்பை அந்தந்தக் கட்டுநர் கையில் விட்டுவிட்டது. விளைவு? ஒரே வகுப்பு என்று பெயர். 12 கப்பலும் 12 மாதிரி. ஒன்றுக்கு மூன்று புகைபோக்கி, ஒன்றுக்கு நாலு. வைக்கிங் என்ற கப்பலுக்கு ஆறு! நீளம், அகலம், எடை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். நூபியனை சவுத்தாம்டன் அருகே வூல்ஸ்டனில் தார்னிகிராஃப்ட் கம்பெனி கட்டியது. ஜூலுவை டைன் ஆற்றங்கரையில் ஹாதார்ன் லெஸ்லி கம்பெனி கட்டியது. இரண்டும் 1909-இல் நீரில் இறக்கப்பட்டவை. இரண்டும் சுமார் 280 அடி நீளம், சுமார் 1,000 டன் எடை. அகலம் 27 அடி அளவில். நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள், பத்துக்கு மேல் வரும். கப்பலா, கத்தியா என்று கேட்கத் தோணும்.

வேகம் கிடைத்தது. ஆனால் தீனி தாங்கவில்லை. எண்ணெய்க் கிடங்குக்குப் போய்வர மூன்று மைல் பயணம். அதற்கு நீராவி ஏற்றவே அஃப்ரிடி ஒருமுறை 9½ டன் எண்ணெய் குடித்தது என்று கடற்படை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பெட்ரோல் போட பங்க்குக்குப் போவதற்கே ஒரு டேங்க் காலி! பெரிய கடற்படையோடு தூரதேசம் போகும் யோக்கியதை இவற்றுக்கு இல்லை. ஆகையால் 1914-இல் முதல் உலகப் போர் வந்தபோது இவற்றை டோவர் காவற்படையில் போட்டார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடல் மிகக் குறுகும் இடம் அது. சுமார் 33 கிலோமீட்டர்தான். பிரான்சில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆள், தளவாடம், உணவு எல்லாம் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். ஜெர்மன் நீர்மூழ்கிகளும் அட்லாண்டிக்குக்குப் போகக் குறுக்குவழி அதுதான். கண்ணி வலைகளைக் கடலில் விரித்து, 'டிரிஃப்டர்' எனப்படும் மீன்பிடிப் படகுகளைக் காவல் வைத்தார்கள். அந்தப் படகுகளில் இருந்தவர்கள் நேற்றுவரை மத்தி வகை மீன் பிடித்துக்கொண்டிருந்த செம்படவர்கள்.

1916 அக்டோபர் 26-ஆம் தேதி இரவு. பெல்ஜியத் துறைமுகத்திலிருந்து ஜெர்மன் டார்பிடோ கப்பல்கள் இருபதுக்கு மேல், கும்மிருட்டில் டோவர் நீரிணைக்குள் புகுந்தன. வலைக் காவலில் இருந்த டிரிஃப்டர்களில் ஆறு மூழ்கின. அவற்றுக்குத் துணையாக இருந்தது ஃப்ளர்ட் என்ற பழைய நாசகாரி. எரியும் படகுகளில் இருந்தவர்களைக் காப்பாற்ற அது ஒரு சின்னப் படகை இறக்கியது. சில நிமிடங்களில் ஃப்ளர்ட்டே சுடப்பட்டு மூழ்கிப்போனது. பிறரைக் காப்பாற்றப் போன அந்தச் சின்னப் படகில் இருந்தவர்கள் மட்டும் பிழைத்தார்கள். விதி என்பதா, வேறு என்ன சொல்வது?

செய்தி எட்டியதும் டோவரில் இருந்த ட்ரைபல் கப்பல்கள் கிளம்பின. ஒன்றாகச் சேர்ந்து போக நேரம் இல்லை. முதலில் தனியாகப் பாய்ந்து போனது நூபியன். எதிரிக் கூட்டத்தின் நடுவில் தனியே அகப்பட்டுக்கொண்டது. ஒரு டார்பிடோ முன்பகுதியைத் தாக்கிப் பிய்த்தது. பிறகு இழுத்துக்கொண்டு வரும்போது, மோசமான கடலில் இழுவைக் கயிறு அறுந்து, சவுத் ஃபோர்லேண்ட் முனைப் பக்கம் கரை தட்டியது. முன்னால் ஒன்றும் இல்லை. பின்னால் எஞ்சின் அறை, டர்பைன்கள், சுக்கான் எல்லாம் நன்றாக இருந்தன.

சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 8-ஆம் தேதி, டங்கர்க் அருகே ஜூலு ஒரு கடல் கண்ணிவெடியில் மோதியது. வெடித்த இடம் எஞ்சின் அறைக்கு அடியில். பின்பகுதி போய்விட்டது. முன்பகுதி மிதந்தது; அதைக் கலே துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இரண்டு சம்பவத்திலும் பாதிக் கப்பல் மிதந்திருக்கிறது. அது எப்படி? காரணம், கப்பலின் குறுக்கே வைக்கும் தண்ணீர் புகாத தடுப்புச் சுவர். பல்க்ஹெட் என்போம். அமைதிக் காலத்தில் அதைப்போல எல்லாருக்கும் இடைஞ்சலான பொருள் கிடையாது. இடத்தை அடைக்கிறது, எடை கூட்டுகிறது, ஒரு அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வேகத்துக்காக எடையைக் கிராம் கிராமாகக் குறைத்த கப்பலிலும் அந்தச் சுவரில் கை வைக்காமல் விட்டார்களே, அதனால்தான் பாதியாவது பிழைத்தது. பாதியில் இருந்த மனிதர்களும் பிழைத்தார்கள். நம் எல்லார் தொழிலிலும் இப்படி ஒரு சுவர் உண்டு. ரிலீஃப் வால்வு, எர்த் கம்பி, ஃபயர் டோர், பேக்கப். பத்து வருஷம் ஒன்றுமே செய்யாமல் நிற்கும். பதினோராவது வருஷம் அது மட்டும்தான் நிற்கும்.

ஆக, டோவர் காவற்படையின் கணக்கில் இப்போது ஒரு நல்ல பின்பாதியும் ஒரு நல்ல முன்பாதியும் இருக்கின்றன. பராமரிப்புத் துறையில் வேலை பார்க்கும் என் போன்றவர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. இரண்டு பம்ப் கெட்டுக் கிடக்கும். ஒன்றில் ஷாஃப்ட் போச்சு, இன்னொன்றில் கேசிங் போச்சு. ஸ்டோரில் உதிரிபாகம் இல்லை. ஃபோர்மேன் தலையைச் சொறிந்துகொண்டே, "சார், அதைக் கழட்டி இதுல போட்டுடலாமா?" என்பார். முக்கால்வாசித் தொழிற்சாலைகள் அந்தக் கேள்வியில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் பம்புக்குச் செய்வதை ஆயிரம் டன் கப்பலுக்குச் செய்யலாம் என்று கடற்படையில் முடிவு எடுத்தார்களே, அதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

வெறும் குருட்டுத் தைரியம் அல்ல. முன்னுதாரணம் இருந்தது. 1907 மார்ச்சில் 'சூவிக்' என்ற பெரிய பயணிகள் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் பாறையில் ஏறியது. பயணிகள் அனைவரும் உயிர்காப்புப் படகுகளால் கரை சேர்க்கப்பட்டார்கள். முன்பகுதி பாறையில் வசமாகச் சிக்கிக்கொண்டது. பின்னால் எஞ்சினும் பாய்லரும் நன்றாக இருந்தன. வெடி வைத்து முன்பகுதியை அறுத்துவிட்டு, பின்பாதியை மட்டும் சவுத்தாம்டனுக்குக் கொண்டுவந்தார்கள். பெல்ஃபாஸ்டில் 212 அடி நீளப் புது முன்பகுதி ஒன்றைக் கட்டி, கடல் வழியே இழுத்து வந்து ஒட்டினார்கள். 1908-இல் கப்பல் மறுபடி ஓடியது. ஆனால் அங்கே புதுப்பாதி பழைய கப்பலின் அளவுக்கே கட்டப்பட்டது. இங்கே இரண்டு பாதியும் இரண்டு கட்டுநர் கட்டியவை. ஒருவர் வரைபடத்துக்கும் மற்றவர் வரைபடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு பாதிகளையும் சாத்தம் பட்டறைக்குக் கொண்டுவந்து அளந்தபோது அகலத்தில் 3½ அங்குல வித்தியாசம். நாம் எல்லாரும் முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் தகடு ராவியவர்கள். ஒரு எஃகுத் துண்டில் 'வி' வெட்டி, இன்னொன்றில் அதற்குப் பொருத்தமாக முனை ராவி, இரண்டையும் சேர்த்து விளக்குக்கு முன்னால் பிடிப்போம். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்ஸ்ட்ரக்டர் வாங்கிக் கீழே போட்டுவிட்டு, "இன்னும் ராவுப்பா" என்பார். அரை மில்லிமீட்டருக்கே அந்தக் கதி. இங்கே 3½ அங்குலம்!

எப்படிச் சமாளிப்பது? கணக்காகப் பாருங்கள். மொத்தம் 3½ அங்குலம் என்றால், பக்கத்துக்கு 1¾ அங்குலம். அதை ஒரே இடத்தில் படி மாதிரி விட்டால் தண்ணீரும் இழுக்கும், பலமும் போகும். உதாரணத்துக்கு 20 அடி நீளத்தில் சரிவாகக் கொண்டுபோனால், 240 அங்குலத்துக்கு 1¾ அங்குலம். 137-க்கு ஒன்று. கண்ணுக்கே தெரியாது. 1917-இல் கப்பல் உடம்புக்கு வெல்டிங் கிடையாது. எல்லாம் ரிவெட். சேதமான தகடுகளை நல்ல ஃபிரேம் வரும்வரை பின்னால் கழற்றிக்கொண்டே போக வேண்டும். இரண்டு பாதிகளையும் உலர் துறையில் ஒரே மையக்கோட்டில், ஒரே மட்டத்தில் நிறுத்த வேண்டும். நடுவில் புது ஃபிரேம்கள், புதுத் தகடுகள், இணைப்புக்கு மேல் பட்டைத் தகடுகள், ஆயிரக்கணக்கில் ரிவெட்டுகள். நீராவிக் குழாய், எண்ணெய்க் குழாய், மின்கம்பி, சுக்கான் இணைப்பு என்று முன்னிருந்து பின்னால் போகும் ஒவ்வொன்றையும் இணைக்க வேண்டும். முக்கியமாக, இணைப்பு வருவது கப்பலின் நடுப்பகுதியில். நான் முன்னே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, வளைவு விசை அதிகமாக இருக்கும் அதே இடத்தில்! கோப்ரா முறிந்த மாதிரி முறியக் கூடாது. வுல்ஃப் சோதனையில் கற்ற பாடம் பரீட்சைக்கு வந்த இடம் இதுதான்.

1917 ஜூன் 7-ஆம் தேதி கப்பல் சேவையில் சேர்ந்தது. ஜூலு வெடித்து ஏழு மாதத்தில். பெயர் என்ன வைப்பது? யாருக்கோ நல்ல யோசனை. ஜூலுவின் முன்பாதியும் நூபியனின் பின்பாதியும் சேர்ந்தது கப்பல். ஜூலுவின் முன்னெழுத்தும் நூபியனின் பின்னெழுத்துகளும் சேர்ந்தது பெயர். ஜூ, பியன். ஜூபியன்! கப்பலை ஒட்டிய அதே முறையில் பெயரையும் ஒட்டியிருக்கிறார்கள். அரசாங்கக் காரியத்தில் இவ்வளவு நகைச்சுவை அபூர்வம்.

ஜூபியன் மீண்டும் டோவருக்கே போனது. 1918 தொடக்கத்தில் அங்கே அட்மிரல் கீஸ் பொறுப்பேற்றிருந்தார். இரவில் நீரிணை முழுவதையும் தீவட்டி வெளிச்சத்தில் பகலாக்கி, நீர்மூழ்கிகளைக் கண்ணிவெடி வயலுக்குள் ஆழமாக இறங்க வைத்தார்கள். அந்த வருஷம் பிப்ரவரி 4-ஆம் தேதி ஜூபியன் ஒரு நீர்மூழ்கியைக் கண்டு, ஆழ்நீர் வெடிகுண்டுகளைப் போட்டது. யூ.சி. 50 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்ததாகக் கணக்கில் எழுதப்பட்டது. புத்தகங்களில் இந்த இடத்தில்தான் கைதட்டல். பிறந்த வீட்டை அழித்தவன் மேல் பழி தீர்த்த மாதிரி ஒரு திருப்தி. ஆனால் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்கைச் சந்தேகிக்கிறார்கள். யூ.சி. 50 அதற்கு முன்பே வேறிடத்தில் காணாமல் போயிருக்கலாம் என்கிறார்கள். போர்க்காலத்தில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்து எழுதிய கணக்கு பலவும் இப்படித் திருத்தப்பட்டிருக்கிறது.

இதைக் கேட்டு உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இல்லை. ஒரு இயந்திரத்தின் பெருமை அது கொன்ற கணக்கில் இருக்க வேண்டிய அவசியமில்லை. யூ.சி. 50-இலும் மனிதர்கள்தான் இருந்தார்கள். ஒருவரும் வீடு திரும்பவில்லை. ஜூபியனின் உண்மையான சாதனை வேறு. 1917 ஜூன் முதல் 1918 நவம்பரில் போர் முடியும்வரை, ஆங்கிலக் கால்வாயின் குளிர்காலத்தில், இரண்டு ஊரில் பிறந்த அந்த உடம்பு ஒட்டின இடத்தில் விடாமல் நின்றது. 1918 ஏப்ரலில் பெல்ஜியக் கரையில் சீப்ருகா, ஆஸ்டென்ட் துறைமுகங்களை அடைக்க நடந்த பெரிய தாக்குதலின் துணைக் கப்பல் வரிசையிலும் ஜூபியன் இருந்தது. ஒவ்வோர் அலையும் அந்த இணைப்பைப் பரீட்சித்துப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் பாஸ்.

போர் முடிந்தது. 1919 டிசம்பரில் ஜூபியனைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். ஏழு மாதம் பாடுபட்டு ஒட்டியதை மறுபடி துண்டு துண்டாக வெட்டினார்கள். ஜராசந்தனைப் பீமன் பிளந்தது போலத்தான். வித்தியாசம், இங்கே பீமன் வேலையைச் செய்தது சமாதானம். அந்த மாதிரிப் பீமன் அடிக்கடி வரட்டும்.

ஒரு சின்ன பின்கதை. 1930-களில் பிரிட்டிஷ் கடற்படை மறுபடி ட்ரைபல் வகுப்பு ஒன்றைக் கட்டியது. மறுபடி ஒரு நூபியன், மறுபடி ஒரு ஜூலு. 1941 மே மாதம் கிரீட் தீவுக்கு அருகே விமானக் குண்டு விழுந்து இந்த நூபியனின் பின்பகுதி பிய்ந்துபோனது. அப்பா நூபியனுக்கு முன்பகுதி போனது, பிள்ளை நூபியனுக்குப் பின்பகுதி! அதைப் பழுது பார்த்த இடம் எது தெரியுமா? நம் பம்பாய். 1942-இல் மறுபடி கடலுக்குப் போய், போர் முடியும்வரை இருந்தது. ரிவெட் துப்பாக்கி பிடித்த அந்தப் பம்பாய்த் தொழிலாளிகளின் பெயர்களைப் புத்தகங்கள் எழுதவில்லை. சாத்தம் தொழிலாளிகளின் பெயர்களும் அப்படித்தான். அட்மிரல்களின் பெயர் இருக்கிறது. கோணம் சரிபார்த்தவன், தகடு வளைத்தவன், சூடான ரிவெட்டை வாளியில் ஏந்திப் பிடித்த பையன், இவர்கள் பெயர் இல்லை. கப்பல் மட்டும் அவர்களுக்குச் சாட்சி.

கடைசியாக மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, ஒரே மாதிரி அளவு. ஒரே வகுப்புக் கப்பல்கள் ஒரே அளவில் இருந்திருந்தால் சாத்தம்காரர்களுக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். கட்டும்போது அளவில் சுதந்திரம் எடுத்துக்கொள்வது சுகம். அதன் கடனைப் பிற்காலத்தில் பழுது பார்ப்பவன் அடைக்கிறான். டிசைன் துறையில் இருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பராமரிப்புத் துறைக்காரன் வேறு எப்படிப் பேசுவான்?

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒட்ட முடியாது. டார்பிடோ வெடித்தபோது நூபியனின் முன்பாதியில் வேலையில் இருந்தவர்கள், கண்ணிவெடிக்கு மேலே ஜூலுவின் எஞ்சின் அறையில் நின்றிருந்தவர்கள், இவர்களில் இறந்தவர்களுக்குப் பாதிக்குப் பாதி சேர்க்கும் கணக்கு கிடையாது. புதுப்பெயர் வைத்துக் கொடியேற்றிய அன்று அந்த வீடுகளில் என்ன நிலை இருந்திருக்கும்? இந்தக் கதையை எல்லாரும் வேடிக்கைக் கதையாகவே சொல்கிறார்கள். நானும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த இணைப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் காலி இடங்கள் இருக்கின்றன என்பதை இங்கே இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லாமல் போகக் கூடாது.

மூன்றாவது, தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை அளந்து பாருங்கள். பாதி போனால் எல்லாம் போச்சு என்று சொல்வது சுலபம். எது போச்சு, எது இருக்கு என்று டேப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவதுதான் நம் தொழில். நமக்கு இந்தக் கல்லூரி கொடுத்த பட்டத்தில் அந்த ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால்கூட, நம்மை ராவச் சொன்ன ஆசிரியர்களின் உழைப்பு வீண் போகவில்லை.